பஞ்ச மெடலின் பின்பக்கம்

மெடலின் பின்பக்கத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்த அன்றைக்கு அர்த்தநாரி வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு. கருமனூரில் இந்தக் கதையை யார் சொன்னாலும் குழம்பிலிருந்துதான் தொடங்குவார்கள். வெள்ளிக்குள் கிடந்த மனுசர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்று கேட்டால், "அதென்னமோ வந்தாங்க, பசிச்சா வரமாட்டாங்களா?" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, வசந்தமணி அன்றைக்கு எத்தனை தடவை உலை வைத்தாள், எந்தெந்த வீட்டிலிருந்து அரிசி கைமாற்று வாங்கினாள், கடைசிப் பந்திக்குக் குழம்பில் எவ்வளவு தண்ணீர் விட்டு விளாவினாள் என்பதையெல்லாம் நேரில் நின்று பார்த்ததுபோல விரிவாகச் சொல்வார்கள்.

வசந்தமணி கொல்லையில் கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு திரும்பியபோது சமையற்கட்டு வாசலில் மூன்று பெண்களும் இரண்டு ஆண்களும் முட்டி போட்டு, கைகளை மேலே ஏந்தியபடி இருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. ஓரத்தில் விலா எலும்பு தெரிய ஒரு நாய். போர்வெல் லாரிக்கு வேலைக்கு வந்த வடக்கத்தி ஆட்களாக இருக்கும், மேஸ்திரி சோறு போடாமல் விட்டுவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, "ஏனுங்க இப்படி முட்டி போட்டுக்கிட்டு? நானென்ன பள்ளிக்கூடத்து டீச்சரா? சம்மணம் போட்டு உட்காருங்க, இலை போடறேன்" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். அத்தனை முழங்காலும் ஒரே நேரத்தில் விட்ட சத்தம் பட்டாசுச் சரம் கொளுத்தியதுபோல இருந்ததாம், யார் வீட்டில் விசேஷம் என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாளாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்த அர்த்தநாரிக்குச் சோறு இல்லை. சட்டி கவிழ்ந்து கிடந்தது. வாசலில் முன்பின் தெரியாத ஆட்கள் இலையைச் சுற்றி இடது கையை அணைபோல வளைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரு இவங்க?"

"என்னையவா கேக்கறீங்க! நீங்க கூட்டிட்டு வந்தவங்கதானுங்க" என்றாள் வசந்தமணி. "நேத்து அந்த வெள்ளி வில்லையப் பூதக்கண்ணாடில காட்டி, பாரு பாரு, மூக்கு நுனிகூட எப்படிச் செதுக்கியிருக்கான் பாருன்னு உசிர வாங்கினீங்களே. அந்தக் கோடில உட்கார்ந்திருக்கறவ மூக்கப் பாருங்க. அதே மூக்கு. மூணாவது தடவ சோறு போடறப்பத்தான் எனக்கே அடையாளம் தெரிஞ்சுது."

அர்த்தநாரி உள்ளே ஓடினார்.

அர்த்தநாரி லாரிகளுக்குக் கிளச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும் விற்றுப் பிழைத்தாலும், அவர் மனசு இருந்தது மெடல்களில். ராஜா முடிசூட்டிக்கொண்டதற்கு, ராணி வயசானதற்கு, பாலம் திறந்ததற்கு, ரயில் விட்டதற்கு, ஜமீன்தார் மகள் வயசுக்கு வந்ததற்கு என்று அந்தக் காலத்தில் எதற்கெல்லாம் மெடல் அடித்தார்களோ அதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து, வெல்வெட் பெட்டிக்குள் படுக்க வைத்துத் தினமும் எண்ணெய் தேய்க்காத குறையாகப் பார்த்துக்கொள்வார். ஊர்க்காரர்கள் அவரைக் 'கலெக்டர்' என்று கூப்பிட்டார்கள். அதில் மரியாதை இல்லை என்பது அவருக்கும் தெரியும். கோயமுத்தூரில் இருந்த மெடல் சேகரிப்போர் சங்கத்தில் அவருக்குக் கடைசி வரிசை நாற்காலி. அவரிடம் இருந்ததில் பாதி, முடிசூட்டு விழாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாயோடு சேர்த்துக் கொடுத்த தகர மெடல். சங்கத் தலைவர் கஜேந்திரன், மில் முதலாளி வம்சம், அவரைப் பார்க்கும்போதெல்லாம் "வாங்க தகரம்" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அர்த்தநாரியும் சிரிப்பார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரிக்கமாட்டார்.

அதனால் ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது அந்தப் பஞ்ச மெடல் கைக்குக் கிடைத்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஜில்லா கலெக்டராக இருந்த கிரிம்ஷா துரை, தன்னுடைய தர்மத்தைத் தானே மெச்சிக்கொண்டு, சொந்தச் செலவில் சீமையில் அடித்து வாங்கிய மெடல் அது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று சங்கத்துப் பெரியவர்களே சொன்னார்கள். ஒரு பக்கம் துரையின் தலை, பக்கவாட்டில், ஒரு கண்ணும் ஒரு காதும் பாதி மீசையுமாக. மறுபக்கம் துரையின் கை மட்டும் கோட்டுக் கையோடு நீண்டு தானியம் சொரிய, கீழே பசித்த ஜனங்கள் முட்டி போட்டு ஏந்திக்கொண்டிருப்பார்கள். விளிம்பைச் சுற்றி, 'பசித்தவர் வாயில் உணவிட்டவன்' என்று இங்கிலீசில். தை மாதக் கண்காட்சியில் அதை நடு மேசையில் வைப்பதாகக் கஜேந்திரனே போனில் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவர் 'தகரம்' என்று சொல்லவில்லை, 'அர்த்தநாரி சார்' என்று சொன்னார்.

அர்த்தநாரி பெட்டியைத் திறந்து மெடலைப் புரட்டினார். பின்பக்கம் வழவழவென்று காலியாக இருந்தது. ஓரத்திலிருந்து துரையின் கை மட்டும் நீண்டு, யாருமில்லாத வெட்டவெளியில் தானியம் சொரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. எந்தத் தாலுகா, என்ன பாஷை, என்ன சாப்பிடுவார்கள், இதையெல்லாம்தான் கேட்டார்கள். கோழி சாப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் ஊருக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் ஒவ்வொரு சாதிச் சங்கமும் தனித்தனியாக வந்து, இவர்கள் எங்காளுங்கதான், முகவெட்டைப் பாருங்கள் என்று உரிமை கொண்டாடி விருந்துக்கு அழைத்தது. மெடல்காரர்கள் எல்லாச் சங்கத்துக்கும் போனார்கள், எல்லா இடத்திலும் "ஆமாமா, உங்காளுங்கதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தின்றார்கள். ஆளுங்கட்சிக்காரர் வேட்டி சேலை கொடுத்தார், எதிர்க்கட்சிக்காரர் மிக்சி கொடுத்தார். மிக்சியில் சோறு இல்லை என்று தெரிந்ததும் அதை வசந்தமணியிடமே கொடுத்துவிட்டார்கள். தாலுகா ஆபீசில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டபோது மெடல்காரர்களில் பெரியவர் ஏப்பம் விட்டுக் காட்டினார், ரேஷன் கார்டு வந்துவிட்டது. போகப்போக அவர்களுக்கு இலை போடாமல் கருமனூரில் எந்தப் பந்தியும் தொடங்குவதில்லை என்று ஆயிற்று. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்று கேட்பதற்கு முன்னால் மெடல்காரர்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டார்கள். எவ்வளவு தின்றாலும் அவர்கள் உடம்பில் ஒரு பிடி சதை போடவில்லை. நாய் மட்டும் கொழுத்தது.

ஊரெல்லாம் சந்தோஷமாக இருக்க, அர்த்தநாரி ஒருத்தர்தான் வயிறெரிந்து திரிந்தார். கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் இல்லாத மெடலை நடு மேசையில் வைத்தால் 'வாங்க தட்டு' என்பார்கள். யோசித்து யோசித்து, ஒரு நாள் தட்டின் நடுவில் மெடலை வைத்து, சுற்றிலும் மட்டன் பிரியாணியைக் குவித்து, தின்னத் தின்ன உள்ளே போய்விடுவார்கள் என்ற நம்பிக்கையில் கதவிடுக்கில் மறைந்து நின்று பார்த்தார். மெடல்காரர்கள் வந்தார்கள், பிரியாணியைத் தின்றார்கள், மெடலை நக்கிச் சுத்தம் செய்து தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நாய் மட்டும் ஒரு எலும்பைக் கவ்விக்கொண்டு மெடலுக்குள் போய்ப் படுத்தது. அன்று மத்தியானம் முழுக்கப் பஞ்ச மெடலின் பின்பக்கத்தில் ஒரு கொழுத்த நாய் எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. அர்த்தநாரி அதைப் பார்த்து அழுதுவிட்டார்.

கடைசியில் நேராகவே கேட்டுவிடுவது என்று, அந்த மூக்குக்காரியிடம் போனார். அவள் பேர் ஆராயி. பார்க்க முப்பது வயசுதான் இருக்கும்.

"அம்மிணி, ஒரே ஒரு ஒதவி..."

"யாரு உனக்கு அம்மிணி? உன்ற பாட்டனுக்குப் பாட்டன் பொறக்கறதுக்கு முன்னால பொறந்தவ நானு. ஆத்தான்னு சொல்லு அப்புனு."

"சரிங்க ஆத்தா. ரெண்டே நாளு. கண்காட்சி முடியற வரைக்கும். உள்ள போயி முன்ன மாதிரி முட்டி போட்டுக்கிட்டீங்கன்னா போதும். முடிஞ்சதும் நானே வந்து தொறந்து உடறேன். காலம் பூரா உங்களுக்குச் சோறு போடறேன்."

ஆராயி கையிலிருந்த முறுக்கைத் தின்று முடித்தாள். பிறகு மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"அதுவும் ரெண்டு நாளுதான் அப்புனு. படம் எழுதற வெள்ளக்காரன் ஒருத்தன் வந்திருந்தான். வெய்யில்ல முட்டி போட வெச்சாங்க. துரை கைய நீட்டி நெல்லச் சொரிவான், நாங்க ஏந்துவோம். ஆடாத, அசையாத, அழுவற மாதிரி வெச்சுக்க, ஆனா துரையப் பாத்து வெச்சுக்கன்னு ஒரு சேவகன் கத்திக்கிட்டே இருப்பான். கொஞ்ச நேரம் எழுதினதும் எங்க கையில இருந்தது, கீழ சிந்தினது எல்லாத்தையும் முறத்துல கூட்டி அள்ளி மறுபடியும் மூட்டையில கொட்டுவாங்க. அந்த நெல்லேதான் ரெண்டு நாளும். மொத நாளு எனக்கு முன்னால இருந்தது என்ற தங்கச்சி நாச்சாயி. பொழுது சாயறப்ப எல்லாரும் எந்திரிச்சோம், அவ எந்திரிக்கல. மறுநா அவ எடத்துல வேற ஒருத்திய வெச்சு மீதிப் படத்த முடிச்சாங்க. அந்தா, கொழந்தையோட உட்கார்ந்திருக்கறாளே, அவதான். அவளத் திட்டி என்ன பண்றது. எடம் காலியா இருந்துச்சு, வந்து முட்டி போட்டா."

அர்த்தநாரி அந்தக் குழந்தைக்காரியைப் பார்த்தார். அவள் குழந்தைக்கு வாழைப்பழத்தை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி வைத்து அவர் மெச்சிய முகங்களில் இதுவும் ஒன்று, முதல் வரிசை. ஆனாலும் நிஜத்தைச் சொல்லவேண்டுமென்றால், அப்போதும் கண்காட்சி அவர் மனசை விட்டுப் போகவில்லை. எழுந்து கடைக்குப் போய், ஒரு பழைய கியர் பாக்சைக் காரணமில்லாமல் கழற்றிப் போட்டு, அதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் துரை வந்தார். சொரியவும் ஆளில்லாமல், மெச்சவும் ஆளில்லாமல், பெட்டிக்குள் இருந்தபடி ஊரெல்லாம் இலை போடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் பசி வந்துவிட்டது போலும். மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, தலை உருண்டு வந்தது. கை நண்டுபோல அதற்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. மெடலில் செதுக்கியது அவ்வளவுதானே, வேறெது வரும்? வழி விட்டார்கள். சாம்பார் வாளியோடு நின்றவர் மட்டும், "பாத்துங்க துரை, காலுக்குள்ள வந்துராதீங்க" என்றார்.

துரை ஒற்றைக் கண்ணால் எல்லோரையும் பார்த்து, முன்ஷியிடம் படித்த தமிழில் சொன்னார்: "நமக்குப் பசி மெத்த உண்டாயிருக்கிறது. நாம் போஜனம் பண்ண இச்சிக்கிறோம்."

இலை போட்டார்கள். கை சோற்றை அள்ளியது. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் விரல்கள் தாமாகவே விரிந்து எல்லாம் கீழே கொட்டியது. மறுபடி அள்ளியது, மறுபடி கொட்டியது. கொடுப்பதற்கென்றே செதுக்கிய கை, அதற்கு எடுக்கத் தெரியவில்லை. துரையின் பாதி மீசை முழுக்கப் பருப்பு. யாராவது ஊட்டினால்தான் உண்டு என்று ஆயிற்று.

ஊட்டலாமா வேண்டாமா என்று பந்தியிலேயே பஞ்சாயத்து கூடிவிட்டது. மெடல்காரர்களில் பெரியவர் சொன்னார், துரை காலத்தில் கஞ்சி வேண்டுமென்றால் சொந்த ஊரில் கொடுக்கமாட்டார்கள், அடுத்த ஊர்க் கேம்ப் வரைக்கும் நடந்து போய்க் கல் உடைக்கவேண்டும், நடக்கத் தெம்பு இருந்தால் பசி நிஜம் இல்லை என்று அர்த்தம், தெம்பு இல்லாவிட்டால் வழியிலேயே கணக்குத் தீர்ந்துவிடும், அப்படி ஒரு சட்டம். கேட்டதும் ஊருக்கு உற்சாகமாகிவிட்டது. "துரை போட்ட சட்டம் துரைக்கும் உண்டுங்களே! உருளுங்க, அடுத்த ஊரு புதுப்பாளையம் வரைக்கும்!" என்றார்கள். துரை உருண்டார். கை பின்னால் ஊர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளக்காரர்கள் ரோட்டு முக்கு வரைக்கும் கூடவே அடித்துக்கொண்டு போனார்கள்.

அர்த்தநாரிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அது தர்மமா, மெடல்மேல் இருந்த ஆசையா என்று அவருக்கே தெரியாது. டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டு தாண்டி, ஒரு வேகத்தடையை ஏறமுடியாமல் துரையின் தலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணில் மண். அர்த்தநாரி துண்டால் துடைத்து, காஸ் சிலிண்டர் வைக்கும் இடத்தில் தலையை வைத்து, கையைக் கட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் துரை, "நாம் உமக்கு ஒரு மெடல் செய்விப்போம்" என்றார்.

"வேண்டாங்க" என்றார் அர்த்தநாரி. அவர் வாயிலிருந்து அது வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம் கஜேந்திரன் கண்காட்சிக்கு முன்னால் மெடலைப் பார்த்துவிடலாம் என்று காரில் வந்தார். மெடலின் இரண்டு பக்கமும் இப்போது காலி. வசந்தமணி அதை மோர்ச் சொம்புக்கு மூடியாகப் போட்டிருந்தாள். கஜேந்திரன் அதைச் சட்டை செய்யவில்லை. சும்மாட்டின்மேல் உட்கார்ந்திருந்த துரையின் முன்னால் குந்தி, லென்சை எடுத்து மூக்கை நெடுநேரம் பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார், மீசையை நகத்தால் சுரண்டினார். துரை, "அடே, கையை எடு" என்றார்.

கஜேந்திரன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "போலி. அந்தக் காலத்து வேலையில மூக்கு இவ்வளவு மழுங்கலா இருக்காது. யாரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க, தகரம்."

துரைக்கு வந்த கோபத்தில் காது சிவந்துவிட்டது. நிஜமான துரை தானேதான் என்று இங்கிலீசில் கத்தினார். கஜேந்திரன் அந்த உச்சரிப்பும் பிற்காலத்தியது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அர்த்தநாரி வாசலில் நின்றுகொண்டு, இப்போது அழுகை வரும், இதோ வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பசிதான் வந்தது. பல வாரங்களாக வசந்தமணி வைத்ததை ருசி பார்க்காமல் விழுங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனால், எல்லோருக்கும் இலை போட்டிருந்தது. துரை சும்மாட்டின்மேல் வாயைத் திறந்து வைத்திருந்தார். ஒரு வாரமாக யாரும் ஊட்டவில்லை, மோர் மட்டும் வசந்தமணி சங்கில் புகட்டிக்கொண்டிருந்தாள். ஊரும் அந்த விஷயத்தை ஆராயியிடம் விட்டுவிட்டது, கொடுப்பதும் கொடுக்காததும் அவள் பாடு என்று. அன்றைக்கு ஆராயி தன் இலையிலிருந்து ஒரு உருண்டை பிடித்தாள். துரையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எனக்கு முன்னால முட்டி போட்டிருந்தவ பேரு என்ன?"

துரை யோசித்தார். "அநேகர் இருந்தார்கள். நாம் கேட்டுக்கொள்ளவில்லை."

"நாச்சாயி. சொல்லு."

"நாட்சாயி."

"நாச்சாயி."

"நாச்சாயி" என்றார் துரை. உருண்டை வாய்க்குள் போனது. துரை மென்று விழுங்கினார். அவருடைய ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. காரம் என்று சிலர் சொல்கிறார்கள், வேறு என்று சிலர் சொல்கிறார்கள், ஆராயி அடுத்த உருண்டையைப் பிடித்தாள். "ஓண்டியான். என்ற மாமன். சொல்லு."

அப்படியாகத் தினமும் மத்தியானம் துரை பேர் சொல்லிச் சாப்பிட்டார். சடையன், குப்பாயி, வெள்ளச்சி, குப்பாயியின் பிள்ளைகள், கிணற்றடியில் கிடந்த தொப்புளான், கேம்ப்புக்கு நடந்து போனபோது வழியில் உட்கார்ந்தவர்கள், உட்கார்ந்தவர்களைத் தூக்கப் போனவர்கள். மெடல்காரர்கள் ஆளுக்கு ஆள் பேர் எடுத்துக் கொடுத்தார்கள். தப்பாகச் சொன்னால் உருண்டை பின்வாங்கும். ஊர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து நின்று கேட்டார்கள், சில பேருக்குத் தங்கள் வீட்டுப் பேர் போலவே கேட்டது. துரையின் தமிழ் நன்றாகத் திருந்திவிட்டது. கண்காட்சி எப்போது வந்து எப்போது போனது என்று அர்த்தநாரிக்குத் தெரியாது, அவர் பரிமாறிக்கொண்டிருந்தார். கடையை மத்தியானம் சாத்துவது, சாத்திவிட்டு வந்து கரண்டியைக் கையில் எடுப்பது, அதுதான் அவருக்கு வேலை என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் பேர்கள் தீர்ந்தன. ஆராயி உருண்டையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தாள், அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"முடிந்ததா?" என்றார் துரை.

"எங்க முடிஞ்சுது? கெழக்க இருந்து நடந்து வந்தாங்களே, எங்கூருக்குள்ள நுழையாமலே ரோட்டோரம் படுத்தாங்களே, அவங்க பேரு யாருக்குத் தெரியும்?"

துரை வாயை மூடிக்கொண்டார். ஆராயி கையிலிருந்த உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தன் வாயிலேயே போட்டு, இலையைச் சுற்றிக் கையை அணை போடாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக மென்று தின்றாள். அடுத்த உருண்டையும். அடுத்ததும். இலை காலியானது.

"போதுங்களா ஆத்தா?" என்று அர்த்தநாரி சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"இன்னும் போடு அப்புனு" என்றாள் ஆராயி. "அவங்க நெறையப் பேரு."